கறுப்புக்கு ஒரு லென்ஸ்

மரவள்ளிக் கிழங்கின் விலை இறங்கிய அதே மாசி மாதத்தில், நைனார்பாளையத்தில் மினி லாரி ஓட்டிக்கொண்டிருந்த தமிழழகன் கண்ணுக்குத் தெரியாமல் போகத் தொடங்கினான். ஊர் முதலில் கவனித்தது விலை இறங்கியதைத்தான். கிழங்கு மூட்டைகளோடு வரும் வண்டியில் ஒரு கட்டம்போட்ட சட்டை மட்டும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்று ஜவ்வரிசி ஆலையின் வாட்ச்மேன் வந்து சொன்னபோது, உனக்கு எப்போதுதான் தூக்கம் தெளிந்தது என்று கேட்டுச் சிரித்தார்கள். பிறகு சின்னசேலம் சாலையில் வாகனச் சோதனைக்கு நின்ற போலீஸ்காரர் ஒருவர், ஆள் இல்லாமல் வரும் வண்டியைப் பார்த்து வாயிலிருந்த விசிலை நழுவவிட்டார். வண்டி ஒழுங்காக ஓரம் கட்டியது. "உள்ளதான் சார் கீறன்" என்றது சட்டை. போலீஸ்காரர் லைசென்ஸை வாங்கிப் பார்த்தார். அதிலிருந்த படத்திலும் முகம் இருக்க வேண்டிய இடத்தில் பின்னால் தொங்கவிட்ட திரைதான் இருந்தது. இரண்டும் ஒத்துப்போனதால் அவருக்குக் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. இனிமேல் தெரிகிற மாதிரி ஓட்டு என்று எச்சரித்து அனுப்பிவைத்தார்.

இது எப்படி வந்தது என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். உண்மைக் காரணம் அவன் மனைவி நிர்மலாவுக்குத் தெரியும், ஏனென்றால் காரணமே அவள்தான். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் போட்டோ ஸ்டுடியோ அவளுடையது. பத்துப் பன்னிரண்டு வருஷமாகச் சுற்றுப்பட்ட ஊர்களில் நடந்த கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எல்லாவற்றையும் அவள்தான் படம் எடுத்தாள். படம் எடுப்பது பாதி வேலை. மீதிப் பாதி, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு முகமாக வெளுக்கவைப்பது. அதற்கு டச்சிங் என்று பெயர். இந்தப் பக்கத்தில் யாரும் கறுப்பு கிடையாது. பெண்ணோ மாப்பிள்ளையோ, நிறம் என்ன என்று கேட்டால் மாநிறம் என்ற ஒரே பதில்தான் உண்டு. ஆயுசு முழுக்க வெயிலில் கிழங்கு பிடுங்கியவரும் மாநிறம்தான், செங்கல் சூளையில் வேலை செய்கிறவரும் மாநிறம்தான். அந்த மாநிறத்தை ஆல்பத்தில் நிரூபித்துக் காட்டும் பொறுப்பு நிர்மலாவின் தலையில் விழுந்தது. "கொஞ்சம் கலர் ஏத்திக் குடும்மா" என்பார்கள். ஏற்றிக் கொடுப்பாள். அந்த ஆல்பத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து, எங்களுக்கு அதைவிட ஒரு படி ஜாஸ்தி என்பார்கள். அதையும் ஏற்றிக் கொடுத்தாள்.

இப்படி எல்லார் வீட்டு பீரோவிலும் வெள்ளைக்காரக் கூட்டம் ஒன்று சேர்ந்த பிறகு, போன ஆடி மாத வாக்கில், மனிதர்கள் ஆல்பத்தில் இருந்தபடியே நேரிலும் தெரியத் தொடங்கினார்கள். ஊரிலேயே அதிகமாக மரவள்ளி போடுகிறவர் ராஜாங்கம். அவர் ஒரு நாள் முகம் கழுவிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தபோது, பால்கோவா நிறத்தில் ஒருவர் நின்று துண்டைத் தேடிக்கொண்டிருந்தார். ஊருக்கு முதலில் சந்தோஷம் தாங்கவில்லை. முகத்துக்குப் பூசும் கிரீம் விற்பது நின்றுபோனது. பொங்கலன்று கோயிலில் ஊரே வெள்ளைவெளேரென்று கூடி நின்றது. சுண்ணாம்படித்த மதிலோரம் நின்றவர்களுக்குப் பிரசாதம் கிடைக்கவில்லை, அங்கே ஆள் நிற்பதே யாருக்கும் தெரியவில்லை. ஆடுமாடுகள் மட்டும் இதையெல்லாம் சட்டை செய்யவில்லை. ராஜாங்கத்தின் எருமை, புது ஆள் பக்கத்தில் வந்தாலே உதைக்கும். அது பால்கோவா ராஜாங்கத்துக்கு வழக்கம்போல அசையாமல் நின்று பால் கொடுத்தது. அதைப் பார்த்துதான் நிர்மலாவுக்கு விஷயம் புரிந்தது. நிறம் எங்கும் போகவில்லை, அவரவர் மேல் அப்படியேதான் இருக்கிறது. ஆல்பம் பார்த்துப் பார்த்து மனிதர்களின் கண்தான் கெட்டுப்போயிருக்கிறது. இதை அவள் சொன்னபோது, நன்றாக இருப்பதைக் கெடுக்காதே என்று ஊர் அவள் வாயை அடைத்துவிட்டது.

மற்றவர்கள் வெள்ளையோடு நின்றுகொண்டார்கள். தமிழழகன் நிற்கவில்லை, ஏனென்றால் அவனை அவ்வளவு தூரம் இழுத்துவிட்டவள் நிர்மலா. நிஜத்தில் அவன் நல்ல கறுப்பு. அந்தக் கறுப்பைப் பார்த்துத்தான் அவள் அவனை ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டாள். ஆனால் கல்யாணத்தன்று தியாகதுருகத்திலிருந்து வந்த அவளுடைய சித்திமார்கள், பந்தலிலேயே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். மாப்பிள்ளைக்கு மாலை போட்டிருப்பது தெரிகிறது, மாப்பிள்ளையைத்தான் காணோம் என்றாள் ஒருத்தி. அந்த ஆத்திரத்தில், புதுப்பெண்ணாக இருந்த நிர்மலா தன் கல்யாண ஆல்பத்துக்குத் தானே டச்சிங் செய்ய உட்கார்ந்தாள். அவனை ஒருமுறை வெளுத்தாள். சித்திகளுக்கு இது போதாது என்று இன்னொருமுறை வெளுத்தாள். பிறகு அவர்கள் வாயை ஒரேயடியாக அடைத்துவிட வேண்டும் என்று மறுபடியும் வெளுத்தாள். சித்திகள் ஆல்பத்தைப் பார்த்து வாயடைத்துத்தான் போனார்கள். அதற்கான விலை இத்தனை வருஷம் கழித்து இப்படி வந்து நின்றது.

தமிழழகன் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடன் கேட்கிறவர்கள் கண்ணில் படாமல் போக முடிகிறது என்று சிரித்தான். டீக்கடையில் தனக்கு வைத்த வடையைப் பக்கத்து ஆள் எடுத்துத் தின்றுவிடுகிறான் என்பது ஒன்றுதான் அவன் வருத்தம். நிர்மலாவுக்கு மட்டும் ஒரு கோடு போல அவன் உருவம் தெரிந்துகொண்டிருந்தது, கண்ணாடி டம்ளரின் விளிம்பு தெரிகிற மாதிரி. ஆனால் பங்குனி பிறந்த ஒரு காலையில் அவள் காபியோடு கூடத்துக்கு வந்தாள். நாற்காலியில் சட்டை இல்லை. சுவரில் தொங்கிய காலண்டரில் தேதி தெளிவாகத் தெரிந்தது. "எங்க கீறீங்க?" என்று கேட்டாள். "இன்னா நிர்மலா, உன் முன்னாடிதான் ஒக்காந்துகினு கீறன். சட்ட இன்னும் காயல" என்றான் அவன், அந்தக் காலண்டருக்கும் அவளுக்கும் நடுவிலிருந்து. அவள் கையிலிருந்த காபி தரையில் கொட்டியது. அவனுடைய அம்மா சாலம்மாள் வந்து தரையைத் துடைத்தாள். பிறகு மருமகளின் கண்ணையும் துடைத்துவிட்டு, "எம் புள்ளைய எனக்குக் காட்டிக் குடும்மா, வேற இன்னா கேக்கப் போறேன்" என்றாள்.

நிர்மலா முதலில் செய்தது எவருக்கும் தோன்றுகிற காரியம். வெளுத்த அதே கம்ப்யூட்டரில் திரும்பக் கறுப்பாக்கிப் பார்த்தாள். அதற்குத் துணிந்து முன்வந்தவள் ராஜாங்கத்தின் மகள் எழில்மதி. வைகாசியில் அவளுக்குக் கல்யாணம். "தாலி கட்டறப்ப என் மூஞ்சி என் மூஞ்சியா இருக்கணும்கா" என்றாள் அவள். நிர்மலா கறுப்பைக் கூட்டக் கூட்ட அந்தப் பெண் படத்திலும் நேரிலும் சாம்பல் நிறமானாள், கறுப்பாகவில்லை. சாம்பலாகவே சந்தைக்குப் போனாள், சாம்பலாகவே நிச்சயதார்த்தப் புடவை எடுத்தாள். அப்போது நிர்மலாவுக்கு ஒன்று உறைத்தது. இந்த கேமராவும் இந்த கம்ப்யூட்டரும் இத்தனை வருஷம் அவளிடமே வேலை கற்றவை. அவள் பொய் அவற்றுக்கெல்லாம் தலைகீழ்ப் பாடம். ஊரில் இருந்த செல்போன்களோ கேட்காமலே முகத்தை வெளுப்பவை. அவள் பொய்யைக் கற்காத ஒரு கண் வேண்டும். அவள் தொழில் பழகிய நாளில் வாங்கிய பிலிம் கேமரா ஒன்று ஸ்டுடியோ ஷோகேஸில் பிளாஸ்டிக் பூக்களுக்கு நடுவே அலங்காரத்துக்கு நின்றது. உடம்பு நன்றாக இருந்தது. லென்ஸ் மட்டும் இல்லை.

பிலிமைத் தேர்வு செய்வது சுலபமாக முடிந்தது. முதலில் தெரிந்தவர் ஒருவரின் கேமராவை ஒரு நாளுக்கு வாங்கி, சாதாரண நெகட்டிவ் பிலிமில் கண்ணாடி வழியாகத் தன்னையே எடுத்து, கழுவிப் பிரின்ட் போடச் சென்னைக்கு அனுப்பினாள். அங்கே பிலிமைக் கழுவிய அன்று நைனார்பாளையத்தில் அவள் தலைமுடி வெளுத்துப் பல் கறுத்து, நெகட்டிவாகவே ஒரு நாள் குடித்தனம் நடத்தினாள். மறுநாள் பிரின்ட் போட்ட ஆள், பழக்கதோஷத்தில் இரண்டு படி வெளுத்துவிட்டான். நடுவில் யார் கையும் படாத பிலிம் வேண்டும் என்று அன்றே முடிவு செய்தாள். அதுதான் ஸ்லைடு பிலிம். கழுவி எடுத்தால் பிலிமிலேயே நேர்ப்படம் இருக்கும், பிரின்ட் போடுகிறவன் தயவு வேண்டாம். கிடைப்பது அபூர்வம், ஆர்டர் போட்டதில் வந்ததும் கொஞ்சம்தான். கழுவும் மருந்தையும் வாங்கி வைத்துக்கொண்டாள்.

லென்ஸ்தான் ஆட்டிவைத்தது. அகலமாகக் காட்டுகிற முப்பத்தைந்து எம்.எம். லென்ஸை ஓசி வாங்கித் தன்னை எடுத்தாள். பிலிமைக் கழுவியதும் மூக்கு பெருத்துக் காது பின்னால் போய்விட்டது, சாலம்மாள் ஒரு வாரம் சிரிப்பை மறைக்க முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டே மருமகளோடு பேசினாள். தூரத்தை இழுக்கிற நூறு எம்.எம். போட்டாள். அதற்குப் பிறகு, பக்கத்தில் உட்கார்ந்து சோறு போட்டாலும் தெருவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவள் போலவே தெரிந்தாள். குரல்கூட எங்கிருந்தோ வருகிறது என்றான் தமிழழகன். கடைசியில் ஐம்பது எம்.எம்.மில் வந்து நின்றாள். நார்மல் லென்ஸ் என்று தொழிலில் சொல்வது அதைத்தான். எதிரே உட்கார்ந்து பேசுகிற ஆளை நாம் எந்த அளவில் பார்க்கிறோமோ அந்த அளவில் அது பார்க்கும், கூட்டவும் செய்யாது, குறைக்கவும் செய்யாது. கிட்டே வேண்டுமென்றால் நாம்தான் நடந்து கிட்டே போக வேண்டும். அதில் நாற்காலி நாற்காலி அளவிலும் மாமியார் மாமியார் அளவிலும் இருந்தார்கள். அளவு சரி, இனி நிறம்தான் பாக்கி.

ஐம்பதிலும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது என்பதை அவள் பிறகுதான் கண்டாள். மூன்று லென்ஸ் சேர்ந்தது. ஒன்று புத்தம் புதியது, கூரியரில் வந்தது. இன்னொன்று ரஷ்யாக்காரன் செய்த கனத்த சாமான். மூன்றாவது, சேலத்தில் மூடிய ஸ்டுடியோ ஒன்றின் சாமான்களோடு மலிவாக வந்த பழைய ஜப்பான் லென்ஸ். புதிய லென்ஸுக்கு முதல் ஆளாக ராஜாங்கமே வந்து உட்கார்ந்தார், மகளைச் சாம்பலாக்கியதில் அவருக்கு மனத்தாங்கல், இனி எதுவானாலும் முதலில் தன் மேல் பார்க்கட்டும் என்று. பளிச்சென்ற லென்ஸ்தான், ஆனால் நீலத்தின் பக்கம் சாயும். பிலிம் கழுவிய மாத்திரத்தில் ராஜாங்கம் தலை முதல் கால் வரை நீலமாகி, வாசலில் நின்றிருந்த எருமையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தார். எதிரே வந்துகொண்டிருந்த பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள். சாயங்காலத்துக்குள் அவர் வீட்டு வாசலில் தேங்காய் உடைந்தது. மறுபடி எடுத்து மாற்றிவிடலாம் என்று நிர்மலா ஆள் அனுப்பியபோது, "இப்ப இன்னா அவசரம், இருக்கட்டும்" என்று சொல்லியனுப்பினார். வரப்புத் தகராறு ஒன்றும் அந்த வாரமே அவருக்குச் சாதகமாகத் தீர்ந்திருந்தது.

ரஷ்ய லென்ஸில் நிர்மலா தன்னை எடுத்தாள். ஓரமெல்லாம் பனி மூடினாற்போல் ஆகி, புடவை எங்கே முடிகிறது சுவர் எங்கே தொடங்குகிறது என்று அவளுக்கே தெரியாமல் கதவில் இடித்துக்கொண்டாள். ஜப்பான் லென்ஸில் சாம்பல் எழில்மதியை எடுத்தாள். அந்த லென்ஸின் கண்ணாடி வயதாகிப் பழுத்து, தேநீர்க் கறை படிந்தது போல் இருந்தது. எழில்மதி மஞ்சளானாள், நலங்கு வைத்துவிட்டுக் குளிக்க மறந்த பெண் போல. மூன்றும் பொய். நிர்மலாவுக்கு வெறுத்துப்போய்விட்டது. ஜப்பான் லென்ஸைத் தூக்கி மாடிப்படியில் வைத்துவிட்டு அதை மறந்தாள். மறைந்துபோன தமிழழகனின் கோட்டுருவமும் திரும்பி வரவில்லை. சட்டை இருந்தால் சட்டை, இல்லாவிட்டால் குரல். குரலும் சன்னமாகிக்கொண்டு வந்தது. தெரு நாய் மட்டும் அவனைப் பார்த்து வாலாட்டியது. நிர்மலா அந்த நாயைப் பார்த்துப் பொறாமைப்பட்டாள், வெளிப்படையாகவே பொறாமைப்பட்டாள்.

சாலம்மாளுக்கு ஒவ்வொரு சித்திரையிலும் ஜவ்வரிசி வத்தல் போட்டாக வேண்டும். மகன் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அவன் வாய்க்கு வத்தல் வேண்டும். மொட்டைமாடியில் பழைய வேட்டியை விரித்துக் கூழை ஊற்றினாள். வேட்டி பறக்காமல் இருக்க மூலைக்கொரு பாரம் வைத்தாள். ஒரு மூலைக்குச் செங்கல், ஒரு மூலைக்குக் குழவி, ஒரு மூலைக்கு உடைந்த இஸ்திரிப் பெட்டி. நான்காவது மூலைக்குக் கைக்கு அகப்பட்டது, மாடிப்படியில் கிடந்த லென்ஸ். கள்ளக்குறிச்சி மாவட்டத்து வெயில் அதன் மேல் தினமும் இறங்கியது. வத்தல் முடிந்து வடகம், வடகம் முடிந்து மோர்மிளகாய் என்று வேட்டி மாடியிலேயே கிடந்தது. கடைசியில் ஒரு மத்தியானம் சாலம்மாள் வேட்டியை எடுத்துக்கொண்டு படபடவென்று கீழே இறங்கிவந்தாள். "உன் கண்ணாடி எவ்ளோ சூது பண்ணுது பாரு, என் வேட்டியச் சுட்டுடுச்சி" என்று, கருகிய சிறு ஓட்டை ஒன்றை விரலால் விரித்துக் காட்டினாள். என் லென்ஸை வெயிலில் போட்டீர்களா என்று கத்துவதற்காக நிர்மலா மாடிக்கு ஓடினாள். லென்ஸைக் கையில் எடுத்து வானத்துக்கு நேராகப் பிடித்தாள். கத்தவில்லை. கண்ணாடியில் மஞ்சளே இல்லை. வானம் வானமாகத் தெரிந்தது.

சில பழைய லென்ஸ்களில் படியும் மஞ்சள் நல்ல வெயிலில் வைத்தால் வெளுத்துவிடும் என்பது தொழிலில் சிலர் அறிந்ததுதான். அதற்குள் வத்தலும் சேர்ந்து காயலாம் என்பது நைனார்பாளையத்தில் தெரியவந்தது. இந்த முறை அவள் ஆளை வைத்துப் பரீட்சை செய்யவில்லை. மாமியார் வயிற்றுக்கோளாறுக்கு வைத்திருந்த கடுக்காய் ஒன்றை எடுத்துக்கொண்டாள். கல்வராயன் மலைக் கடுக்காய், நன்றாகக் காய்ந்து, கறுப்புமாய்ப் பழுப்புமாய், பழைய தமிழழகனுக்குக் கிட்டத்தட்ட அந்த நிறம்தான். புது லென்ஸில் எடுத்தபோது கடுக்காய் நீலமானது. ரஷ்ய லென்ஸில் எடுத்தபோது ஓரம் கரைந்தது. ஜப்பான் லென்ஸில் எடுத்துப் பிலிமைக் கழுவிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். கடுக்காய் கடுக்காயாகவே இருந்தது. அவள் அதைப் புரட்டிப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள், மாமியாரிடம் காட்டினாள். "கடுக்காதானே, இதுல இன்னா கீது?" என்றாள் சாலம்மாள். அந்தப் பதிலைக் கேட்டு நிர்மலா அவளைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்துவிட்டாள். எதை எடுத்தாலும் எடுத்தது மாறாமல் இருக்க வேண்டும், லென்ஸைத் தேர்வு செய்வதற்கு வேறு கணக்கு கிடையாது.

ஸ்லைடு பிலிமில் இனி மிச்சமிருந்தது ஒரு ரோலின் வால் மட்டுமே. சித்திரைக் கடைசியில் கீழே சமவெளியின் வெளிச்சம் புழுதியோடு கலந்து மஞ்சளடிக்கும். மஞ்சளை அரும்பாடுபட்டு விரட்டிய லென்ஸுக்கு மறுபடி மஞ்சளை ஊட்ட அவளுக்கு மனமில்லை. மலையில் மழை பெய்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும், விடிகாலையில் கச்சிராயபாளையம் வழியாக மேலே போகும் பேருந்தைப் பிடித்தாள். பக்கத்து இருக்கையில் கட்டம்போட்ட சட்டை உட்கார்ந்தது. ஒரு டிக்கெட் கேட்டாள். "பொம்பளைங்களுக்குத்தான் டிக்கெட்டே வேணாமேம்மா" என்றார் கண்டக்டர். "எனக்கு இல்லண்ணா. எங்க வூட்டுக்காரருக்கு" என்றாள். கண்டக்டர் சட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ஒரு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். கோமுகி அணையைத் தாண்டி வளைவுகள் ஏறும்போது அவள் சட்டைக்குள் கையை விட்டு அவன் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். அது அங்கே இருந்தது, காய்ப்புக் காய்ப்பாக, வெதுவெதுப்பாக.

கரியாலூருக்கு மேலே, கடுக்காய் மரங்கள் நிற்கிற ஒரு சரிவில் இறங்கினார்கள். மழை கழுவிவிட்ட வெளிச்சம் பாறை மேல் பட்டுத் தெறித்துக்கொண்டிருந்தது. மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் சட்டைக்கு ஒதுங்கி வழிவிட்டன. "ஆட்டுக்கு நான் தெரியறன், அது போதும்" என்றான் அவன். "எனக்குப் போதாது" என்றாள் நிர்மலா. இங்கேதான் ஒரு சிக்கல் வந்தது. தெரியாத முகத்துக்கு எப்படி ஃபோகஸ் வைப்பது? சட்டைக் காலருக்கு வைத்தால் முகம் முன்னால் தள்ளிப்போய்க் கலங்கிவிடும். அவள் மரத்தடியில் கிடந்த கடுக்காய் ஒன்றைப் பொறுக்கி அவன் கைப்பக்கம் நீட்டினாள். "இத்தப் பல்லுல கடிச்சிக்கோங்க." "துவர்ப்பு தாங்காது நிர்மலா." "தாங்கிக்கோங்க." கடுக்காய் ஆகாயத்தில் ஏறி, காலருக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நின்றது. நிர்மலா ஒவ்வொரு அடியாகக் கிட்டே போனாள். அந்த லென்ஸ் பெரிதாக்கிக் காட்டாது, ஆகவே போய்த்தான் ஆக வேண்டும். கடைசியில் அவன் மூச்சு அவள் கையில் படுகிற தூரத்தில் நின்றாள். இந்தத் தூரத்தில் நின்று அவனை நிதானமாகப் பார்த்து எத்தனையோ வருஷமாகிவிட்டது என்று அவளுக்குத் தோன்றியது, அழுகை வந்தது. அழுதால் ஃபோகஸ் போய்விடும் என்று அடக்கிக்கொண்டாள். அந்தரத்தில் தொங்கிய கடுக்காயின் வரிகள் ஊசி முனையாய்த் தெளிந்தன. வெளிச்சக் கணக்கையும் அதற்கே வைத்தாள். மூச்சை நிறுத்திக்கொண்டு பட்டனை அழுத்தினாள், பிலிம் தீரும்வரை அழுத்தினாள்.

வீட்டுக்கு வந்து பிலிமைக் கழுவினாள். மருந்து ஒரே சூட்டில் இருக்க வேண்டும். சாலம்மாள் அடுப்புக்கும் பாத்திரத்துக்கும் நடந்து வெந்நீரை ஊற்றிக்கொண்டே இருந்தாள், பிள்ளைப்பேறு பார்க்கிற வீடு போல இருந்தது அது. ஈரம் சொட்டும் பிலிமை நிர்மலா ஜன்னலுக்கு நேராகப் பிடித்தாள். தீப்பெட்டிப் படம் அளவில், வரிசையாக, கறுப்பான ஒருவன் கடுக்காயைக் கடித்துக்கொண்டு, ஒரு கண் சுருங்கி, கன்னம் இழுத்து, உலகத்துத் துவர்ப்பை எல்லாம் முகத்தில் வாங்கி நின்றான். நெற்றியில் மலை வெளிச்சம் மினுங்கியது. அடுக்களைப் பக்கத்தில், "முடிஞ்சிதா? வாயெல்லாம் இன்னும் துவர்க்குது" என்று குரல் கேட்டது. இருவரும் திரும்பினார்கள். தமிழழகன் தண்ணீர்ச் சொம்போடு நிலைப்படியில் நின்றான், முழு ஆளாக, முழுக் கறுப்பாக. சாலம்மாள் வெந்நீர்ப் பாத்திரத்தைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினாள். இதே தெருவில் தன் மகன் மாநிறம் என்று ஊரெல்லாம் சத்தியம் செய்து பெண் தேடிய சாலம்மாள், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "எம்மாம் கறுப்பு எம் புள்ள, வந்து பாருங்கடி! எம்மாம் கறுப்பு!" என்று கூவினாள். தெரு கூடிவிட்டது. அவ்வளவு கறுப்பை யாரும் பார்த்து நாளாகியிருந்ததால், எல்லாரும் கண்ணை எடுக்காமல் பார்த்தார்கள். ஒரு கிழவர் அவன் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஜம்முனு கீறடா" என்றார்.

அதற்கப்புறம் ஸ்டுடியோ வாசலில் வரிசை நின்றது. சென்னையிலும் பெங்களூரிலும் தேடிப் பிடித்து ஸ்லைடு பிலிம் வரவழைத்தார்கள். நிர்மலா தன் பனி ஓரத்தைச் சரிசெய்துகொண்ட பிறகு, மஞ்சளாக இருந்த எழில்மதி முதல் ஆளாக வந்தாள். வைகாசியில் அவள் கல்யாணப் பந்தலில் மாப்பிள்ளை வீட்டார் தியாகதுருகத்திலிருந்து வெள்ளையாக வந்து இறங்கினார்கள், பெண்ணின் கறுப்பைப் பார்த்து அசந்து நின்றார்கள். மாப்பிள்ளை முகூர்த்தத்துக்கு முன்னாலேயே ஸ்டுடியோவுக்கு ஓடினான், எனக்கும் வேண்டும் என்று. ஆனால் ஊர், லென்ஸுக்கு ஒரு துளி பெருமையும் கொடுக்கவில்லை. எல்லாம் கடுக்காயின் மகிமை என்றுதான் இன்றுவரை நம்புகிறது. அதைக் கடிக்கத் தேவையில்லை, அது ஃபோகஸுக்கு வைத்தது என்று நிர்மலா தொண்டை கிழியச் சொல்லிப் பார்த்தாள். கேட்பார் இல்லை. ஆகவே நைனார்பாளையத்து ஆல்பங்களில் இப்போது மணமக்கள், மாமன் மச்சான், காதுகுத்துக் குழந்தையின் தாத்தா வரை எல்லாரும் கடுக்காயைக் கடித்துக்கொண்டு, துவர்ப்பில் முகம் கோணி, அவரவர் நிறத்தில் நிற்கிறார்கள். மலையில் கடுக்காய் விலை ஏறியிருக்கிறது. கல்யாணத் தரகர்கள் நிறத்தைக் கேட்டால் கறுப்பு என்கிறார்கள், அதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறார்கள். ராஜாங்கம் மட்டும் நீலமாகவே இருக்கிறார், அதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை.

ஆடி மாதத்தில் ஒரு நாள் நிர்மலா கூரியர் ஆபீஸில் பிலிம் வாங்கிக்கொண்டு கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். தமிழழகன் ஆலையில் சரக்கை இறக்கிவிட்டு அங்கே வந்து கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தான். சேலம் பஸ்ஸும் விழுப்புரம் பஸ்ஸும் ஒரே நேரத்தில் வந்து நின்று, ஸ்டாண்டு முழுக்க ஜனம் அலைமோதியது. பை, மூட்டை, பூக்கூடை, பள்ளிக்கூடப் பிள்ளைகள். அவன் இன்னும் இவளைப் பார்க்கவில்லை, வாழைப்பழக் கடை ஓரமாக நின்று எட்டி எட்டித் தேடிக்கொண்டிருந்தான். அவள் கூப்பிடவில்லை. அத்தனை கூட்டத்திலும் அவன்தான் அவளுக்கு முதலில் தெரிந்தான், அதனால் இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.